இரண்டு குதிரையிலிருந்து நான்கு குதிரைக்கு

அமெரிக்காவில் குதிரை ஏற்றிச் செல்வது ஒரு தனித் தொழில். கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனைச் சுற்றி இனப்பெருக்கப் பண்ணைகள், ஃபுளோரிடாவின் ஒகாலாவைச் சுற்றிப் பயிற்சிப் பண்ணைகள். இரண்டையும் இணைப்பது இன்டர்ஸ்டேட் 75 என்ற ஒரே நெடுஞ்சாலை. லெக்சிங்டனின் கீன்லேண்டில் செப்டம்பர் குதிரை ஏலம் முடிந்த கையோடு ஓராண்டுக் குட்டிகள் தெற்கே கிளம்பும். குளிர் இறுகினால் கண்காட்சிக் குதிரைகளும் பின்னாலேயே போகும், வசந்தத்தில் எல்லாம் வடக்கே திரும்பும். இந்தப் போக்குவரத்தில் பெரும் பங்கு பெரிய நிறுவனங்களின் செமி டிரக்குகளுக்குப் போகிறது. ஒன்றிரண்டு குதிரைகள், பெரிய வண்டி நுழைய முடியாத பண்ணைப் பாதைகள், அவசரப் பயணங்கள் ஆகியவை தனி ஆட்களுக்கு மிஞ்சும். கையில் ஒரு பிக்கப் டிரக், பின்னால் இரண்டு குதிரை நிற்கும் சிறிய டிரெய்லர். பலரும் தொடங்குவது இப்படித்தான்.

வேலை பெருகியதும் அடுத்த ஆசை வரும்: நான்கு குதிரை ஏற்றும் கூஸ்நெக் டிரெய்லர். ஆசை நியாயமானதே. ஆனால் இந்த மாற்றம் பெட்டி பெரிதாவதோடு நிற்பதில்லை. உங்கள் உரிமம், காப்பீடு, வேலை நேரம், எரிபொருள் வரி என்று தொழிலின் வகையே மாறிவிடக்கூடும். அதைத் தீர்மானிப்பவை டிரக்கின் தகட்டிலும் டிரெய்லரின் தகட்டிலும் அச்சிட்டிருக்கும் சில எண்கள். விற்பனையாளரின் முற்றத்தில் நின்று அலுமினியப் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இது யாருக்கும் நினைவுக்கு வராது.

கூஸ்நெக் எதற்கு

சிறிய டிரெய்லர், டிரக்கின் பின் பம்பருக்குக் கீழே உள்ள கொக்கியில் மாட்டும். கூஸ்நெக்கின் கழுத்து டிரக்கின் சரக்குத் தொட்டிக்கு மேலே வளைந்து வந்து, தொட்டியின் நடுவில் பதித்த 2 5/16 அங்குல உருண்டையின் மீது உட்காரும். அந்த உருண்டை இருப்பது பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னே. எனவே சுமை டிரக்கின் வாலை அழுத்தாமல் அச்சின் மீதே இறங்குகிறது. பக்கத்தில் ஒரு பெரிய லாரி விரைந்து கடந்தால் சிறிய டிரெய்லர் ஆடும், கூஸ்நெக் பெரும்பாலும் அசையாது. குதிரைகள் உள்ளே கால் மாற்றி நின்றாலும் ஸ்டியரிங்கில் அது குறைவாகவே தெரியும். கழுத்துக்கு உள்ளே கிடைக்கும் இடத்தில் படுக்கை போடலாம், சேணங்கள் வைக்கலாம்.

விலையும் உண்டு. சரக்குத் தொட்டியை இழந்துவிடுவீர்கள், மேல்மூடி போட்டிருந்தால் அதைக் கழற்ற வேண்டும். எஸ்.யூ.வி. வைத்திருப்பவருக்கு இந்த வழியே கிடையாது, பிக்கப் டிரக் கட்டாயம். தொட்டியின் நீளம் ஆறரை அடிக்கும் குறைவு என்றால், கூர்மையான திருப்பத்தில் டிரெய்லரின் மூக்கு டிரக்கின் பின் கண்ணாடியைத் தொட்டுவிடலாம். எட்டடித் தொட்டி வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. கழுத்தின் அடிப்பக்கத்துக்கும் தொட்டியின் பக்கச் சுவருக்கும் நடுவே ஆறு அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். அப்போதும் டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும். இன்றைய டிரக்குகள் உயரம் கூடியவை, பழைய டிரெய்லர்கள் தாழ்ந்தவை. மூக்கு தூக்கி நின்றால் டிரெய்லரின் பின் அச்சு டயர்களே சுமையில் பெரும்பங்கை வாங்கும். வாங்குவதற்கு முன் இரண்டையும் மாட்டி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

இழுக்கும் திறன் போதாது, தாங்கும் திறன் வேண்டும்

டிரக் விளம்பரங்கள் இழுக்கும் திறனைத்தான் கொட்டை எழுத்தில் போடும். இருபதாயிரம் பவுண்டு இழுக்கும் என்பார்கள், பொய்யும் இல்லை. ஆனால் கூஸ்நெக்கில் முதலில் தீர்ந்துபோவது தாங்கும் திறன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த ஒரு வரிதான் உங்கள் வரம்பு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு சாய்வு அறைகளும் (குதிரைகள் கோணலாக வரிசையில் நிற்கும் அறைகள்), முன்னால் சிறிய உடை மாற்றும் அறையும் உள்ள அலுமினிய டிரெய்லர் காலியாக 6,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைக்கு 1,100 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 500 கிலோ. நான்குக்கு 4,400. தண்ணீர் ஒரு காலன் எட்டேகால் பவுண்டுக்குச் சற்று மேல், நாற்பது காலன் என்றால் 330-ஐத் தாண்டும். வைக்கோல் கட்டுகள், சேணங்கள், தரையில் விரிக்கும் மரத்தூள், உதிரி டயர் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 12,000-ஐத் தொட்டுவிடும். கூஸ்நெக்கில் இந்த எடையின் 15 முதல் 25 சதவீதம் வரை உருண்டையின் மீது இறங்கும். 20 சதவீதம் என்றாலே 2,400 பவுண்டு. குதிரைகள் முன் அறைகளில் நின்று, மூக்கில் உள்ள தண்ணீர்த் தொட்டியும் நிரம்பியிருந்தால் இன்னும் கூடும். இதன் மேல் ஓட்டுநர், உதவியாளர், கருவிப்பெட்டி, சரக்குத் தொட்டியில் பொருத்திய கொக்கியின் எடை எல்லாம் சேர வேண்டும்.

இப்போது உங்கள் ஸ்டிக்கரைப் பாருங்கள். முக்கால் டன் வகை என்று சொல்லப்படும் 250 அல்லது 2500 எண் போட்ட டீசல் டிரக்கில், நான்கு கதவுக் கேபினும் இருந்தால், அந்த எண் பல சமயம் 2,500 பவுண்டுக்குக் கீழேயே நின்றுவிடும். கனமான டீசல் எஞ்சினே டிரக்கின் தாங்கும் திறனில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. எனவே நான்கு குதிரை என்று முடிவானால், பின்னால் நான்கு சக்கரம் கொண்ட ஒரு டன் டூயலியைத்தான் தேட வேண்டியிருக்கும். டிரெய்லரின் விலையோடு டிரக்கின் விலையும் கூட்டப்படுவது இந்த இடத்தில்தான். இதைப் பின்னால் கண்டுபிடிப்பவர்கள் ஸ்பிரிங்குக்கு அடியில் காற்றுப் பை பொருத்திக்கொள்கிறார்கள். டிரக் நிமிர்ந்து நிற்கும், உண்மைதான். தகட்டில் உள்ள எண் ஒரு பவுண்டுகூட மாறாது.

காகிதக் கணக்கோடு நிற்க வேண்டாம். நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் எடை மேடைகள் இருக்கும். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் மூன்றையும் தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு தருவார்கள். டிரக்கை மட்டும் ஒருமுறை, குதிரைகளோடு முழுச் சுமையில் ஒருமுறை ஏற்றுங்கள். இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்தால் உருண்டையின் மீது எவ்வளவு இறங்குகிறது என்பது தெரிந்துவிடும். சில டாலர் செலவில் இதைவிட நல்ல ஆலோசனை கிடைக்காது.

26,001 என்ற கோடு

அடுத்தது உரிமம். மக்கள் தடுமாறும் இடம் இதுதான். கூட்டாட்சி விதிப்படி, வணிகத்துக்காக ஓட்டும் டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் மதிப்பிடப்பட்டிருந்து, டிரெய்லரின் பங்கு மட்டும் 10,000-ஐத் தாண்டினால், ‘ஏ’ வகை வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். மதிப்பிடப்பட்ட எடை என்பதைக் கவனியுங்கள். சாலையில் நீங்கள் பாதிச் சுமையோடு போகிறீர்களா, காலியாகப் போகிறீர்களா என்பது இங்கே உதவாது. தயாரிப்பாளர் தகட்டில் போட்ட உச்ச எடைகளைக் கூட்டுவார்கள். உண்மை எடை அதையும் மீறியிருந்தால் அதை எடுத்துக்கொள்வார்கள்.

உச்ச எடை 10,000 பவுண்டு கொண்ட முக்கால் டன் டிரக்கோடு 14,000 பவுண்டு டிரெய்லர்: கூட்டல் 24,000. கோட்டுக்குக் கீழே. அதே டிரெய்லரை 14,000 பவுண்டு டூயலியில் மாட்டினால் 28,000. கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். ஒரு குதிரைகூடக் கூடவில்லை, பாதுகாப்பான டிரக்குக்கு மாறியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனாலும் சாதாரண உரிமத்தோடு அதை வாடகைக்கு ஓட்ட முடியாது. சிறிய டிரக்கில் தாங்கும் திறன் இடிக்கிறது, பெரிய டிரக்கில் உரிமம் இடிக்கிறது. நான்கு குதிரைக்கு மாறும் எவரும் இந்த இரண்டு சுவர்களுக்கு நடுவில்தான் நடக்க வேண்டும். இதற்கு விற்பனையாளர்கள் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: தயாரிப்பாளரிடமே டிரெய்லரின் தகட்டு எடையைக் குறைத்து வாங்கிக்கொள்ளலாம் என்று. செய்யலாம், சட்டப்படியும் சரி. ஆனால் குறைத்த அளவுக்கு நீங்கள் ஏற்றக்கூடிய குதிரையும் குறையும். நான்கு அறைக்குப் பணம் கொடுத்து மூன்றை நிரப்புவது என்ன வியாபாரம்?

என் கருத்து நேரடியானது: இதைத் தொழிலாகச் செய்பவர் கோட்டைச் சுற்றி வளையாமல் உரிமத்தை எடுத்துவிட வேண்டும். 2022 பிப்ரவரி 7 முதல், முதன்முறை ‘ஏ’ வகை எடுப்பவர் அரசுப் பதிவேட்டில் உள்ள பயிற்சி நிலையத்தில் படித்து முடித்த பிறகே ஓட்டும் திறன் தேர்வுக்குப் போக முடியும். தேர்வு மூன்று பகுதி. கிளம்பும் முன் வண்டியைச் சோதிப்பது, திடலில் பின்னோக்கி ஓட்டுவது உள்ளிட்ட கட்டுப்பாடு, பிறகு சாலை ஓட்டம். சொந்த பிக்கப்பும் கூஸ்நெக்குமாகத் தேர்வு எழுதலாம். ஆனால் காற்று பிரேக் இல்லாத, தானியங்கி கியர் கொண்ட, ஐந்தாம் சக்கர இணைப்பு இல்லாத வண்டியில் தேர்ச்சி பெற்றால் அதற்கேற்ற தடைகள் உரிமத்திலேயே பதியும். நாளை செமி டிரக் ஓட்டும் எண்ணம் இருப்பவர் பயிற்சி நிலையத்தின் முழு டிராக்டர் டிரெய்லரில் தேர்வு எழுதுவதே லாபம். கட்டணம் சற்றுக் கூடும், கதவுகள் திறந்திருக்கும்.

உரிமம் எடுத்ததோடு கதை முடிவதில்லை. போதைப்பொருள், மது சோதனைத் திட்டத்தில் சேர வேண்டும். ஒற்றை ஆளாகத் தொழில் செய்பவரும் இந்தச் சோதனைகளை நடத்தும் ஒரு கூட்டமைப்பில் பெயர் பதிந்துகொண்டாக வேண்டும். மாநிலம் கடந்து ஓடும் வண்டி 26,000 பவுண்டைத் தாண்டினால், எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடினீர்கள் என்று கணக்கு வைத்து எரிபொருள் வரி கட்ட வேண்டும், பதிவுக் கட்டணமும் அப்படியே பங்கு பிரியும்.

ஏற்கனவே தாண்டிய கோடு

10,001 பவுண்டு என்று இன்னொரு கோடு உண்டு, பலரும் தெரியாமல் தாண்டியிருப்பது இதைத்தான். 7,000 பவுண்டு அரை டன் டிரக்கும் 7,000 பவுண்டு இரட்டைக் குதிரை டிரெய்லரும் சேர்ந்தாலே 14,000. மாநிலம் கடந்து, வணிகத்துக்காக ஓடினால் போக்குவரத்துத் துறை எண், அதிகபட்சம் 24 மாதம் செல்லும் மருத்துவச் சான்று, வேலை நேரக் கட்டுப்பாடு எல்லாம் அப்போதே பொருந்தும். பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு பதினான்கு மணி நேரச் சாளரத்துக்குள் பதினொரு மணி நேரம்தான் ஓட்டலாம், எட்டு மணி நேரம் ஓட்டினால் அரை மணி இடைவேளை விட வேண்டும். லெக்சிங்டனிலிருந்து ஒகாலா எழுநூறு மைலைத் தாண்டும். குதிரைக்கு நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒற்றை ஓட்டுநர் ஒரே மூச்சில் முடிக்கக்கூடிய தூரம் அல்ல. வாடிக்கையாளரிடம் ‘இரவே வந்துவிடும்’ என்று வாக்குக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கு மனத்தில் ஓட வேண்டும்.

கூலிக்கு ஏற்றுபவருக்குப் பொறுப்புக் காப்பீடு குறைந்தது 7,50,000 டாலர். இது வழியில் பிறருக்கு நேரும் சேதத்துக்கு. உள்ளே நிற்கும் குதிரைக்கு இது செல்லாது. உங்கள் பொறுப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருக்கும் பிறர் விலங்குகளுக்கென்று தனிக் காப்பீடு வாங்க வேண்டும். ஒரு ஓராண்டுக் குட்டி ஏலத்தில் உங்கள் வீட்டு விலைக்குப் போயிருக்கலாம். பாலிசியில் ஒரு குதிரைக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கால்நடை ஏற்றுபவருக்குப் போக்குவரத்து அனுமதியிலிருந்து விலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள். அது சாதாரணக் கால்நடைக்கு. பந்தயத்துக்கும் கண்காட்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் மதிப்புள்ள குதிரைகள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

சொந்தக் குதிரையைப் பொழுதுபோக்காகப் போட்டிக்குக் கொண்டுபோகிறவருக்கு நிலை வேறு. கூலி வாங்காமல், தொழிலாகவும் நடத்தாமல் எப்போதாவது ஓட்டினால் கூட்டாட்சி விதிகளில் பெரும்பகுதி அவரைத் தொடாது. பரிசுப் பணம் வென்றால்கூட, அதைச் சாதாரண வருமானமாகக் காட்டி, செலவுகளைத் தொழில் செலவாக வரியில் கழிக்காதவரை சிக்கல் இல்லை. இரண்டு தோணியிலும் கால் வைக்க முடியாது என்பதே இதன் பொருள்: வரி அலுவலகத்தில் தொழில், எடை மேடையில் பொழுதுபோக்கு என்று சொன்னால் செல்லாது. கூட்டாட்சி விலக்கு இருந்தாலும் மாநிலங்கள் தங்களுக்கென்று உரிம வகை வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் வணிகமல்லாத ‘ஏ’ வகை என்றே ஒன்று உண்டு. உங்கள் மாநில அலுவலகத்தில் கேட்பதுதான் முடிவானது.

எந்தப் பெட்டி

குதிரை டிரெய்லர் தயாரிப்பில் ஓக்லஹோமாவுக்குத் தனி இடம் உண்டு. சிக்காஷாவில் சிமரான், கோல்மனில் சன்டவுனர், ஓக்லஹோமா சிட்டியில் ஃபோர் ஸ்டார். அயோவாவின் கிரெஸ்கோவில் ஃபெதர்லைட். பெயரைவிட உள்ளமைப்பு முக்கியம்.

சாய்வு அறைகளில் குறைந்த நீளத்தில் அதிகக் குதிரை நிற்கும். அதனால்தான் சந்தையில் அவையே அதிகம் கண்ணில் படுகின்றன. ஆனால் கூலிக்கு ஓட்டுபவருக்கு ஒரு குறை உண்டு. முன்னால் நிற்கும் குதிரையை இறக்க, பின்னால் உள்ள மூன்றையும் இறக்க வேண்டும். நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் முதல் அறைக் குதிரைக்கு வயிற்று வலி வந்தால் இது வெறும் வசதிக் குறைவாக இருக்காது. முன் அறைக்குப் பக்கக் கதவு இருக்கும் டிரெய்லரையே எடுங்கள், பக்கச் சாய்பலகையும் இருந்தால் இன்னும் நல்லது. பதினேழு கை உயரமுள்ள வார்ம்பிளட் குதிரை ஏற்றும் வேலை வருமென்றால் உள்ளுயரம் ஏழரை அடியும், அகலம் எட்டடிக்குக் குறையாமலும் பார்க்க வேண்டும். குட்டையான பெட்டியில் நெடிய குதிரையைத் திணித்தால் அது இரண்டாம் முறை ஏற மறுக்கும், வாடிக்கையாளரும் மறுப்பார்.

மூக்கில் சமையலறை, குளியலறை, படுக்கை எல்லாம் வைத்த வாழிடப் பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வாரக் கணக்கில் ரோடியோ திடல்களில் தங்கும் போட்டியாளருக்கு அது வீடு. கூலிக்கு ஏற்றுபவருக்கு அது காசு கொடுத்து வாங்கும் சுமை. காலி எடையே பல சமயம் பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும், அந்த எடையில் ஒரு டாலர்கூட வருமானம் வராது. வெறும் மெத்தையும் ஒரு மின்விசிறியும் போதும்.

பழைய டிரெய்லர் வாங்குவது தவறில்லை, தரையைப் பார்க்காமல் வாங்குவதுதான் தவறு. ரப்பர் பாய்களைத் தூக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். மரப் பலகை என்றால் திருப்புளியால் குத்திப் பாருங்கள். அலுமினியம் என்றால் குதிரைச் சிறுநீர் அரித்த வெண் குழிகள் தெரியும். அடியில் படுத்துக் குறுக்குச் சட்டங்களின் பற்றவைப்பைப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஐந்தாறு ஆண்டு கடந்த டயரை மாற்றிவிடுங்கள். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வெயிலில் நின்றே சாவதுதான் அதிகம். பலவற்றுக்கு மணிக்கு 65 மைல்தான் உச்சம் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு டிரெய்லருக்கு வீட்டுக் கடன் அளவுக்குக் கொடுத்துவிட்டு மலிவு டயர் தேடுவது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவதுதான்.

ஓட்டப் பழகுவது

முதல் சில நாள் காலியாக ஓட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கண்காட்சி மைதானத்தின் வாகன நிறுத்தம் போதும். திருப்பத்தில் கூஸ்நெக்கின் பின்சக்கரம் சிறிய டிரெய்லரைவிட அதிகமாக உள்பக்கம் வெட்டும். சந்திப்பில் டிரக்கின் மூக்கு பாதி தூரம் கடந்த பிறகே ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் நடைமேடை விளிம்போ பெட்ரோல் பம்ப்பின் காவல் தூணோ உங்கள் பக்கவாட்டு அலுமினியத்தில் கையெழுத்துப் போடும். பின்னோக்கி ஓட்டும்போது சிறிய டிரெய்லர் உடனே வளையும், கூஸ்நெக் மெதுவாக வளையும். அதுவே அதன் நல்ல குணம். அவசரப்பட்டுக் கூடுதலாகத் திருப்பாமல், ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துச் சிறிது சிறிதாக நகர்த்தினால் போதும்.

மாட்டும் வரிசையை மனப்பாடமாக்குங்கள். தொட்டியின் பின்கதவை இறக்கு, உருண்டைக்கு நேராகப் பின்னால் வா, கழுத்தை இறக்கு, பூட்டு, சங்கிலி, துண்டிப்புக் கம்பி, மின் இணைப்பு. பிறகு தாங்கிக் கால்களை மேலே ஏற்றி, டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு டிரக்கை மெல்ல இழுத்துப் பார். பிடி விடவில்லை என்றால் கிளம்பலாம். துண்டிப்புக் கம்பி இழுபட்டால் டிரெய்லரின் பிரேக் தானாக விழுந்து குறைந்தது பதினைந்து நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கான பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. கழற்றும்போது பின்கதவை இறக்க மறந்து டிரக்கை முன்னே எடுத்து, புதிய டிரக்கின் கதவை மடக்கிக்கொண்டவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். குதிரை உள்ளே இருக்கும்போது மட்டும் எக்காரணம் கொண்டும் டிரக்கைக் கழற்றக் கூடாது.

பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சுமைக்கேற்ப மாற்ற வேண்டும். மணிக்கு இருபது மைல் வேகத்தில் கையால் இயக்கினால் சக்கரம் இறுகி வழுக்காமல் டிரெய்லர் உறுதியாகப் பின்னிழுக்க வேண்டும். காலியாக ஒரு அளவு, நான்கு குதிரையோடு வேறு அளவு. கென்டக்கி எல்லையை ஒட்டி டென்னசியில் உள்ள ஜெல்லிகோ மலைச் சரிவில் இறங்கும்போது இது புரியும். மேலேயே கியரைக் குறைத்து, எஞ்சின் பிரேக்கைப் போட்டுவிட வேண்டும். பாதியில் நினைவு வந்தால் பிரேக் வாசனை வந்திருக்கும். பாதையையும் முன்பே பாருங்கள். கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயில் டிரெய்லருக்கே அனுமதி இல்லை, கார் ஓட்டுபவருக்கான வழிகாட்டிச் செயலி அதைச் சொல்லாது. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் எவருக்கும் 55 மைல்தான்.

உள்ளே நிற்பவை

குதிரை பயணம் முழுக்க நின்று, ஒவ்வொரு அசைவுக்கும் தசையை இறுக்கிக்கொண்டே வருகிறது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். தலையைக் குட்டையாக, உயரமாகக் கட்டினால் அதனால் குனிந்து மூக்கைச் சுத்தப்படுத்த முடியாது. தூசியும் கிருமியும் நுரையீரலுக்குள் இறங்கி, பயணக் காய்ச்சல் என்கிற நுரையீரல் அழற்சி வரும். நீண்ட பயணத்துக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் கழித்து வருகிற காய்ச்சலுக்கும் உங்களிடம்தான் கேள்வி வரும். எனவே கயிற்றில் தளர்வு கொடுங்கள், குளிரிலும் காற்றுத் துவாரங்களைத் திறந்து வையுங்கள், வைக்கோலை நனைத்துக் கட்டுங்கள்.

காகிதங்கள் இல்லாமல் குதிரையை ஏற்றக் கூடாது. குதிரைத் தொற்று இரத்தச்சோகை இல்லை என்று காட்டும் காக்கின்ஸ் சோதனைச் சான்று, பெரும்பாலும் பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்தது. கால்நடை மருத்துவர் தந்த உடல்நலச் சான்று, பொதுவாக முப்பது நாள் செல்லும். காக்கின்ஸ் சோதனை, கார்னெல் பல்கலைக்கழகத்தில் லெராய் காக்கின்ஸ் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. இன்றும் மாநில எல்லைகளில் முதலில் கேட்கப்படும் தாள் அதுதான். ஃபுளோரிடாவுக்குள் நுழையும் குதிரை டிரெய்லர், காலியாக இருந்தாலும், வேளாண் சோதனை நிலையத்தில் நின்றே போக வேண்டும். நான்கு வீட்டுக் குதிரை ஏற்றினால் நான்கு வீட்டுக் காகிதமும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒருவருடையது குறைந்தால் மற்ற மூவரும் சேர்ந்து காத்திருப்பார்கள். வழியில் வண்டி பழுதாகி நின்றால், சாதாரணச் சாலை உதவிச் சங்கங்கள் குதிரை ஏற்றிய டிரெய்லரைத் தொடத் தயங்கும். யூ.எஸ்.ரைடர் போன்ற, குதிரைக்காரர்களுக்கென்றே உள்ள உதவித் திட்டத்தில் சேருங்கள்.

மாறலாமா

இரண்டு குதிரை டிரெய்லரில் இடமில்லை என்று நீங்கள் திருப்பி அனுப்பும் வேலை எவ்வளவு என்பதை ஒரு பருவம் எழுதி வையுங்கள். ஊகிக்க வேண்டாம். நான்கு அறையில் இரண்டு நிரம்பி ஓடினால் சிறிய டிரெய்லரைவிட நஷ்டம்தான், எரிபொருளும் காப்பீடும் நிரம்பாத அறைக்கும் சேர்த்தே எண்ணப்படும். திரும்பும் பயணத்துக்குச் சுமை தேடும் வழி இல்லாதவர் கட்டணத்தைக் கணக்கிடும்போது இரு வழி மைலையும் போட வேண்டும். வழியில் குதிரை நோயுற்றால் மருத்துவச் செலவு யாருக்கு, தாமதமானால் தங்கும் கட்டணம் யாருக்கு என்பதை எழுத்தில் வாங்காமல் ஏற்ற வேண்டாம்.

கையில் சேமிப்பு குறைவு, வயது இருக்கிறது என்பவருக்கு வேறொரு பாதை நல்லது. முதலில் ‘ஏ’ வகை உரிமம் எடுங்கள். பிறகு பெரிய குதிரைப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் ஒரு பருவம் இரண்டாம் ஓட்டுநராகச் சேருங்கள். ஏற்றுவது, இறக்குவது, சோதனை நிலையத்தில் பேசுவது எல்லாம் அடுத்தவர் வண்டியில், அடுத்தவர் காப்பீட்டில் கற்கலாம். எந்தப் பண்ணை எப்போது எத்தனை குதிரை அனுப்புகிறது என்பதும் தெரிந்துவிடும். சொந்த கூஸ்நெக்குக்குக் காப்பீடு கேட்டுப் போகும்போது நிறுவனங்கள் முதலில் கேட்பது வணிக உரிமத்தோடு எத்தனை ஆண்டு ஓட்டியிருக்கிறீர்கள் என்பதைத்தான், பிரீமியம் அந்தப் பதிலைப் பொறுத்து ஏறும் இறங்கும்.